கொத்தனாரும் கணினித் திரையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்” என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. என் தந்தையார் இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பிறருக்கு வீடு கட்டிப் பார்த்தவர். தமக்கென ஒரு வீடு கட்டிக்கொள்ளாதவர். அடையாற்றிலும் பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் அவர் கரணை பிடித்துப் பூசிய சுவர்கள் பல. நானோ எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசற்படி ஏறிய முதல் ஆள். அவர் தொழில் செங்கல்லோடு. என் படிப்பு கணினியோடு. இவ்விரண்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்றே சென்ற ஆண்டு வரை எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் பிழை என்று எனக்கு உணர்த்திய ஒரு நிகழ்ச்சியைக் கூறி, அதிலிருந்து எழுந்த கருத்துகளை ஆசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவ நண்பர்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. எந்த உதவித்தொகை, எந்த அலுவலகம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். குறை ஓர் இடத்துக்கு மட்டும் உரியதன்று. எங்கள் வீட்டில் கணினி கிடையாது. கைப்பேசியிலேயே விண்ணப்பத்தை நிரப்பினேன். வருமானச் சான்று, சாதிச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம் என ஒவ்வொன்றையும் படம் பிடித்து ஏற்றினேன். ஐந்து பக்கங்கள் முடிந்தன. அடியில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. இரண்டும் ஒரே நீல நிறம், ஒரே அளவு, அருகருகே நின்றன. ஒன்று ‘சப்மிட்’. மற்றொன்று ‘ரீசெட்’. என் கட்டைவிரல் இரண்டாவதன்மேல் பட்டுவிட்டது. “உறுதியாகத்தானா?” என்று ஒரு கேள்விகூட இல்லை. ஒன்றரை மணி நேர உழைப்பு ஒரு நொடியில் அழிந்தது. மீண்டும் நிரப்பத் தொடங்கினேன். பாதியில் ‘நேரம் முடிந்துவிட்டது’ என்று வெளியே தள்ளிற்று. மூன்றாம் முறை முடிப்பதற்குள் நள்ளிரவு கடந்துவிட்டது. அதுவே கடைசி நாள்.

அந்த ஆண்டின் உதவித்தொகை போயிற்று. தந்தையார் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கட்டணம் செலுத்தினார். அதை அடைக்க நான்கு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குச் சென்றார். என்னை அவர் கடிந்துகொள்ளவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் காட்டச் சொன்னார். நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஏன்டா தம்பி, உள்ள போற கதவும் ஊட்டையே இடிச்சிப் போடற கதவும் ஒரே செவுத்துல, ஒரே மாதிரி, பக்கத்துல பக்கத்துல இருக்குதே! இத வச்ச ஆளு எந்த மேஸ்திரிகிட்ட தொழில் கத்துக்கினான்?” என்று கேட்டார்.

நான் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இக்கட்டுரையே அந்தக் கேள்விக்கு நான் தேடிய விடைதான்.

சொல்லிலேயே இருக்கும் உறவு

கணினித் திரையில் நாம் காண்பவற்றுக்கு வழங்கும் பெயர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். இணையதளத்தின் முதற்பக்கத்தை ‘முகப்பு’ என்கிறோம். திரையில் திறக்கும் கட்டத்தை ‘சாளரம்’ என்கிறோம். பல சேவைகள் கூடுமிடத்தை ‘வலைவாசல்’ என்கிறோம். எல்லாமே கட்டடக் கலையின் சொற்கள். ஆனால் சொற்களை இரவல் வாங்கிய நாம், அந்தக் கலையின் அறிவை வாங்கினோமா என்பதே கேள்வி.

வாங்கியவர்களும் இருக்கிறார்கள். கிறிஸ்டபர் அலெக்ஸாண்டர் என்ற கட்டடக் கலை அறிஞர் 1936இல் வியன்னாவில் பிறந்து, 2022இல் மறைந்தவர். கணிதமும் கட்டடக் கலையும் பயின்ற அவர், இளமையில் குஜராத்தில் ஒரு சிற்றூரில் தங்கியிருந்தார். 1964இல் அவர் வெளியிட்ட நூலில், அறுநூறு பேர் வாழும் ஓர் இந்தியக் கிராமத்தை எடுத்துக்கொண்டு, அங்கு எவையெவை பொருந்தி வரவேண்டும் என்று 141 தேவைகளைப் பட்டியலிட்டார். ‘எது அழகு?’ என்று அவர் தொடங்கவில்லை. ‘எங்கே பொருந்தாமல் உறுத்துகிறது?’ என்று தொடங்கினார். பின்னர் 1977இல் தம் தோழர்களுடன் சேர்ந்து, நகரம் முதல் சன்னல் திட்டு வரை 253 அமைப்பு முறைகளை ஒரு மொழியின் இலக்கணம்போல் தொகுத்தார். வீட்டில் குடியிருக்கப்போகிறவர்களே அந்த இலக்கணத்தைக் கொண்டு தம் வீட்டைத் திட்டமிட வேண்டும் என்பது அவர் கொள்கை.

பத்தாண்டு கழித்து, 1987இல், கென்ட் பெக், வார்டு கன்னிங்காம் என்ற இரு அமெரிக்கக் கணினியாளர்கள் இக்கொள்கையைத் திரைக்குக் கொண்டுவந்தனர். சாளரங்களை அமைப்பதற்கு ஐந்தே ஐந்து விதிகளை எழுதினர். அவற்றை நிரலாளர்களிடம் கொடுக்காமல், அம்மென்பொருளைப் பயன்படுத்துவோரின் பிரதிநிதிகளிடமே கொடுத்து, ‘உங்கள் திரையை நீங்களே அமையுங்கள்’ என்றனர். முயற்சி வெற்றி பெற்றது. இதே கன்னிங்காம்தான் 1995இல் இத்தகைய அமைப்பு முறைகளைப் பலரும் கூடி எழுதுவதற்காக ‘விக்கி’ என்னும் முறையை உண்டாக்கினார். இன்று நாம் கட்டுரை எழுதும்போதெல்லாம் புரட்டும் விக்கிப்பீடியாவின் முன்னோடி அதுதான். குஜராத்துக் கிராமத்தில் தொடங்கிய ஓர் எண்ணம் நம் கைப்பேசி வரை வந்து சேர்ந்த வழி இது.

நிற்க. பெரியோர் பெயர்களை அடுக்குவது என் நோக்கமன்று. என் தந்தையாரின் கேள்வி படிக்காதவர் கேட்ட பேதைக் கேள்வியன்று, உலக அறிஞர்கள் கேட்ட அதே கேள்விதான் என்பதைக் காட்டவே இவ்வளவும் கூறினேன். இனி, கட்டடம் திரைக்குக் கற்பிக்கக்கூடிய பாடங்கள் சிலவற்றை நாம் அன்றாடம் நடமாடும் இடங்களைக் கொண்டே காண்போம்.

திண்ணையின் பாடம்

செய்யாற்றுப் பக்கம் எங்கள் பாட்டி வீடு பழைய ஓட்டு வீடு. தெருவை ஒட்டித் திண்ணை. அதைக் கடந்தால் நடை. நடையைக் கடந்தால் முற்றம். அதற்கும் அப்பால் அறையும் சமையற்கட்டும். வழிப்போக்கன் திண்ணையில் அமர்வான்; அவனுக்கு ஒரு செம்பு தண்ணீர் கிடைக்கும். ஊர்க்காரன் நடை வரை வருவான். உறவினன் முற்றத்தில் அமர்வான். எவருக்கு எதுவரை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, வீடே சொல்லிவிடும். அலெக்ஸாண்டரின் நூலில் 127ஆவது முறை இதைத்தான் கூறுகிறது: வெளியிலிருந்து உள்ளே செல்லச் செல்ல நெருக்கம் படிப்படியாக வளர வேண்டும்.

இன்று கைப்பேசியில் ஒரு செயலியைத் திறந்தால் என்ன நிகழ்கிறது? அது எதற்குப் பயன்படும் என்று நாம் அறிவதற்கு முன்பே, “உன் தொலைபேசி எண்ணைக் கொடு; உன் நண்பர்கள் பட்டியலைக் காட்டு; நீ நிற்கும் இடத்தைச் சொல்” என்று கேட்கிறது. திண்ணையில் கால் வைத்த விருந்தாளியிடம் அவன் பெட்டிச் சாவியைக் கேட்கும் வீட்டுக்காரனை ஊர் என்ன சொல்லும்? முதலில் திண்ணை வேண்டும். இங்கே என்ன கிடைக்கும், என்னென்ன சான்றுகள் தேவை, எவ்வளவு நேரம் ஆகும், கடைசி நாள் எது என்பனவற்றை உட்கார்ந்து பார்த்துவிட்டு உள்ளே போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய ஓர் இடம் வேண்டும். எனக்கு அந்த இரவில் அத்தகைய திண்ணை ஒன்று கிடைத்திருந்தால், எல்லாவற்றையும் ஆயத்தம் செய்துகொண்டு பகலிலேயே உட்கார்ந்திருப்பேன்.

படிக்கட்டின் பாடம்

படிக்கட்டு அமைப்பதில் தந்தையார் மிகக் கண்டிப்பானவர். ஆறு அங்குல ஏற்றம் என்றால் எல்லாப் படியும் ஆறு அங்குலம். பத்து அங்குல மிதி என்றால் எல்லாப் படியும் பத்து அங்குலம். ஒரே ஒரு படி அரை அங்குலம் கூடினாலும் அந்தப் படியில்தான் ஆள் விழுவான் என்பார். காரணம் எளிது. படி ஏறுகிறவன் முதல் இரண்டு படிகளைத்தான் பார்க்கிறான். மற்றவற்றைக் கால் கணக்கு வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கை ஏமாற்றினால் கால் தடுக்கும்.

திரையிலும் விரல் இப்படித்தான் கணக்கு வைத்துக்கொள்கிறது. முதற்பக்கத்தில் ‘அடுத்து’ என்னும் பொத்தான் வலப்பக்கம் இருந்தால் ஐந்தாம் பக்கத்திலும் அங்கேயே இருக்க வேண்டும். எனக்கு நேர்ந்ததும் இதுவே. நான்கு பக்கங்களில் வலக்கோடியில் இருந்தது ‘அடுத்து’. ஐந்தாம் பக்கத்தில் அதே இடத்தில் நின்றது ‘ரீசெட்’. விரல் தன் கணக்கின்படி சென்றது, தடுக்கி விழுந்தது. “நீ கவனமாகப் பார்த்திருக்க வேண்டும்” என்று சிலர் கூறினர். ஏற்றத்தாழ்வான படியில் விழுந்தவனைப் பார்த்துக் கட்டியவன் அப்படிக் கூறலாமா? டொனால்டு நார்மன் என்ற அமெரிக்க அறிஞர் 1988இல் எழுதிய நூலில், தள்ள வேண்டிய கதவை மக்கள் இழுத்துத் தவித்தால் குற்றம் மக்களுடையதன்று, கதவை அமைத்தவருடையதே என்று வாதிட்டார். இக்கருத்து ஏழை எளியவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நினைத்துப் பாருங்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவன் எங்கு தடுக்கினாலும் ‘எனக்குத்தான் அறிவு போதவில்லை’ என்றே எண்ணிக்கொள்கிறான். அன்றிரவு நானும் அப்படித்தான் எண்ணி அழுதேன்.

மயிலையும் தியாகராய நகரும்

ஊரில் வழி தெரிவது எப்படி? கெவின் லிஞ்ச் என்பவர் 1960இல் எழுதிய நூலில் இதற்கு விடை கூறினார். பாதை, எல்லை, வட்டாரம், சந்திப்பு, அடையாளச் சின்னம் என்னும் ஐந்தைக் கொண்டே மனிதர் ஒரு நகரத்தை மனத்தில் வரைந்துகொள்கிறார்கள் என்பது அவர் ஆய்வின் முடிவு.

மயிலாப்பூரில் இந்த ஐந்தையும் கண்ணால் காணலாம். கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரம் ஏறத்தாழ நூற்றிருபது அடி உயரம், 1906இல் எழுப்பப்பட்டது. மேற்கே தெப்பக்குளம். சுற்றிலும் மாட வீதிகள். கச்சேரிச் சந்துகளில் வழி தவறினாலும், தலை நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தால் திசை தெரிந்துவிடும். வடக்கு மாட வீதியில் பூ விற்கும் என் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் மயிலையில் அவர் ஒருநாளும் வழி தவறியதில்லை. அந்த ஊர் எழுத்தால் வழி காட்டவில்லை. அமைப்பால் வழி காட்டுகிறது. ஓர் இணையதளத்தில் எத்தனை பக்கங்கள் உள்ளே சென்றாலும் ‘நீ இங்கே நிற்கிறாய், வந்த வழி இது, திரும்பும் வழி அது’ என்று காட்டும் ஒரு கோபுரம் வேண்டும். பல தளங்களில் அது இல்லை. பின்னோக்கி ஓர் அடி வைத்தால் முதல் வாசலுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள்.

தியாகராய நகர் வேறு விதமான பாடம் சொல்கிறது. 1920களில் நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், பழைய ஏரி நிலத்தில் திட்டமிட்டு அமைக்கப்பட்ட நகர் அது. பனகல் பூங்காவை நடுவில் வைத்து அதிலிருந்து சாலைகள் பிரிந்து செல்கின்றன. எந்தச் சாலையில் சென்றாலும் பூங்காவுக்குத் திரும்பினால் மறுபடி தொடங்கலாம். நல்ல முகப்புப் பக்கத்துக்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா?

ஆனால் ரங்கநாதன் தெருவை என்ன சொல்வது என்று நண்பர் ஒருவர் கேட்டார். அங்கே இடைவெளி உண்டா? அமைதி உண்டா? எந்த இலக்கணத்துக்கும் அடங்காத தெரு அல்லவா அது? இருந்தும் மக்கள் அங்கேதானே குவிகிறார்கள்! நல்ல கேள்வி. வெற்றிடம் நிறைய விட்டு, மூன்றே சொற்களை நடுவில் வைப்பதுதான் நல்ல வடிவமைப்பு என்று இன்று பலர் கருதுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. ரங்கநாதன் தெரு நெரிசலானதே தவிர, குழப்பமானதன்று. மாம்பலம் ரயில் நிலையத்தில் தொடங்கி உஸ்மான் சாலையில் முடியும் ஒரே நேர் வழி அது. விற்கும் பொருள் கடை வாசலிலேயே தொங்குகிறது. விலையைக் கூவிச் சொல்கிறார்கள். எதுவும் மறைவாக இல்லை. அங்கே தொலைந்து போவது கடினம். ஆகவே எளிமை என்பது வெறுமையன்று. வழி தெரிவதே எளிமை.

அத்தெருவின் குறை வேறு இடத்தில் இருந்தது. கடைக்கு வருபவரும், கடையே வேண்டாம், பேருந்தைப் பிடித்தால் போதும் என்பவரும் ஒரே நெரிசலில் நசுங்க வேண்டியிருந்தது. 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைத்து, சுமார் 570 மீட்டர் நீளமுள்ள ஆகாய நடைபாதை திறக்கப்பட்டது. இப்போது வேடிக்கை பார்ப்பவர் கீழே செல்லலாம்; வேலையுள்ளவர் மேலே செல்லலாம். திரையிலும் இவ்விரு வகையினர் உண்டு. ‘என்னென்ன இருக்கிறது?’ என்று பார்க்க வருபவர் ஒருவர். ‘இந்த ஒரு சான்றிதழை எடுத்துக்கொண்டு போக வேண்டும்’ என்று வருபவர் மற்றொருவர். இரண்டாமவரை விளம்பரங்களுக்கும் வரவேற்பு வாசகங்களுக்கும் இடையே நசுக்காமல், மேலே ஒரு நடைபாதை அமைத்துக் கொடுப்பது வடிவமைப்பவரின் கடமை.

நம் மொழியில் கட்டிய வீடு

இவையெல்லாம் வெளிநாட்டார் கூறிய நெறிகள். நம்மவர் என்ன செய்தனர் என்று கேட்கலாம். நம்மவர் செய்த ஒன்றை நாம் நாள்தோறும் விரலடியில் வைத்துக்கொண்டு மறந்திருக்கிறோம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் விளைவாக உருவாகி, அதே ஆண்டில் தமிழக அரசால் தரப்படுத்தப்பட்ட ‘தமிழ்99’ விசைப்பலகையே அது.

தமிழில் எழுத்துகள் 247. அத்தனைக்கும் விசை வைக்க இயலுமா? இலக்கணத்தையே வீட்டு வரைபடமாகக் கொண்டார்கள். உயிர் பன்னிரண்டு, அகரமேறிய மெய் பதினெட்டு, புள்ளி ஒன்று. ஆக 31 விசைகளில் தமிழ் முழுதும் அடங்கிவிட்டது. உயிரெழுத்துகளுக்கு இடப்பக்கம் கொடுத்தார்கள். மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலப்பக்கம் குடியேறின. அ, இ, உ என்னும் குறில்கள் விரல் இயல்பாகத் தங்கும் நடு வரிசையில் இருக்கின்றன. அவற்றுக்கு நேர் மேலே, மாடிவீடு போல, ஆ, ஈ, ஊ என்னும் நெடில்கள். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ‘ங’வை அடுத்து ‘க’ வந்தாலும் அப்படியே. ‘அம்மா’ என்று எழுதும்போதும் ‘தங்கம்’ என்பதில் ‘ங்’ எழுதும்போதும் புள்ளியைத் தேடி அலைய வேண்டியதில்லை. எந்த எழுத்துக்கு எது அண்டை வீடு என்று அறிந்து கட்டப்பட்ட தெரு அது. குடியிருப்பவரின் இயல்பை அறிந்து கட்டுவது என்றால் இதுதான்.

இதற்கு மாறாக, இன்று பல செயலிகளில் தமிழ் எப்படி இருக்கிறது? ஆங்கிலத்துக்கென அளந்து கட்டிய பொத்தானுக்குள் தமிழ்ச் சொல்லைத் திணிக்கிறார்கள். சொல் நீளமாயிருப்பதால் பாதி வெட்டுப்படுகிறது. மேற்கூரையைக் கட்டி முடித்தபின் குடியிருப்பவரின் உயரத்தை அளப்பது போன்றதல்லவா இது?

சரிவுப் பாதை

2022 நவம்பரில் மெரினாவில், மாற்றுத்திறனாளிகள் சக்கர நாற்காலியில் அலைக்கு அருகே செல்வதற்காக 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. கடலைக் கண்ணால் மட்டுமே கண்டவர்கள் காலால் தொட்ட நாள் அது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அப்பாதை சேதமுற்று, பின்னர் சீர்செய்யப்பட்டது. பாதை அமைத்தால் மட்டும் போதாது, அதைப் பேணவும் வேண்டும் என்பது அதில் கிடைத்த பாடம். கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்றோருக்கான பிரெய்ல் பிரிவைத் தரைத்தளத்திலேயே வைத்திருக்கிறார்கள். ஏறுவதற்கு எவருக்குச் சிரமமோ அவருக்கே முதல் இடம் என்பது நல்ல கட்டடத்தின் பண்பாடு.

திரைக்கும் இது பொருந்தும் என்பதைச் சட்டமே கூறுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கட்டடங்களையும் போக்குவரத்தையும் தகவல் தொடர்பையும் ஒருங்கே வைத்துப் பேசுகிறது. படிக்கட்டின் அருகே சரிவுப் பாதை எப்படிக் கட்டாயமோ அப்படியே திரையிலும் எல்லோருக்கும் வழி வேண்டும் என்பதே அதன் கருத்து. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. வங்கிக் கணக்கு முதலியவற்றுக்கு இணைய வழியே அடையாளம் காட்டும்போது ‘கண் சிமிட்டிக் காட்டு’ என்கிறது திரை. அமில வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்களும் பார்வையற்றவர்களும் எப்படிச் சிமிட்டிக் காட்டுவார்கள்? அவர்கள் தொடுத்த வழக்கில், மின்னணுச் சேவைகளை அடையும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் கூறிற்று. ஒரு பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பது அழகுக் கேள்வி மட்டுமன்று, உரிமைக் கேள்வி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நன்றாக அமைந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். என் தாயாரின் பூக்கூடை அருகே இப்போது ஒரு சிறிய ஒலிப்பெட்டி இருக்கிறது. வாங்குபவர் கைப்பேசியில் பணம் அனுப்பியதும், ‘நாற்பது ரூபாய் பெறப்பட்டது’ என்று அது தமிழில் சொல்கிறது. படிக்கத் தெரியாதவரும் ஏமாறாமல் வியாபாரம் செய்ய முடிகிறது. அதை வடிவமைத்தவர் யாரென்று அறியேன். ஆனால் மாட வீதியின் இரைச்சலில் பூக்கட்டும் பெண்ணுக்குக் கையும் கண்ணும் ஓய்வில்லை, காது மட்டுமே மிச்சம் என்பதை அறிந்தவராய் இருக்க வேண்டும்.

மறுப்பும் விடையும்

“கட்டடம் கல், திரை ஒளி. கட்டடத்தை இடித்துக் கட்டுவது கடினம். திரையை ஓரிரவில் மாற்றலாம். ஆகவே ஒப்புமை பொருந்தாது” என்று சிலர் மறுக்கலாம். மறுப்பில் உண்மை உண்டு. திரைக்குக் கட்டடத்துக்கு இல்லாத வரம் ஒன்று இருக்கிறது. முதியவருக்குப் பெரிய எழுத்து, பார்வையற்றவருக்குக் குரல் என ஒரே வீட்டை ஆளுக்கேற்ப மாற்றிக் காட்ட அதனால் முடியும். கல்லால் முடியாது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் ஓரிரவில் மாற்றலாம் என்பதே ஆபத்தும் ஆகிறது. மனப்பாடமாக இடம் அறிந்து பொத்தானை அழுத்தும் என் தாயாரைப் போன்றவர்களுக்கு, ‘புதிய பதிப்பு’ என்ற பெயரில் இடம் மாறிப்போன பொத்தான், உறங்கி எழுந்தபோது வாசல் பின்பக்கம் போய்விட்ட வீட்டைப் போன்றது. எளிதில் மாற்ற முடியும் என்பதற்காக மாற்றிக்கொண்டே இருப்பது நாகரிகமன்று. கொத்தனார் ஒருமுறைக்கு இருமுறை நூல் பிடித்துப் பார்ப்பது ஏன்? தவறினால் இடிக்க வேண்டும் என்ற அச்சத்தால். அந்த அச்சம் நிரலாளருக்கு இல்லை. தவறின் விலையை அவர் கொடுப்பதில்லை, விண்ணப்பித்தவன் கொடுக்கிறான். எங்கள் வீட்டில் நான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகள் கொடுத்தோம்.

நாம் செய்யக்கூடியது

குறை கூறுவது எளிது. நம் கல்லூரியிலேயே செய்யக்கூடிய மூன்றைக் கூறி முடிக்கிறேன்.

முதலாவது: நம் துறையில் செய்யப்படும் ஒவ்வொரு செய்முறைத் திட்டத்தையும், கணினி அறியாத ஒருவரிடம் கொடுத்துப் பார்த்த பின்பே மதிப்பெண்ணுக்கு வைக்க வேண்டும். நம் மாணவர்களில் பலர் முதல் தலைமுறையினர். அத்தகைய ஒருவரைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. வீட்டிலேயே தாய் இருக்கிறார், பாட்டி இருக்கிறார். மற்றவர்கள் குறைபாடு என்று கருதும் இதை நான் நமக்குக் கிடைத்த செல்வம் என்பேன்.

இரண்டாவது: ஆண்டுதோறும் சேர்க்கைக் காலத்தில், விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் பெற்றோருடன் வாசலில் நிற்கும் புதிய மாணவர்களுக்காக மூத்த மாணவர்கள் ஒரு மேசை போட்டு அமர வேண்டும். உதவுவதோடு நில்லாமல், எந்தப் பக்கத்தில், எந்த இடத்தில், எந்தச் சொல்லில் அவர்கள் தடுக்கினர் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். அலெக்ஸாண்டர் ஒரு கிராமத்துக்கு 141 எழுதினார். நாம் ஒரு விண்ணப்பப் படிவத்துக்கு நாற்பதாவது எழுத மாட்டோமா? அந்தக் குறிப்பேட்டை உரியவர்களுக்கு அனுப்பினால், கேட்பவர் கேட்பர்.

மூன்றாவது: ஓர் ஆண்டில் ஒரு நாளாவது அனுபவமுள்ள கொத்தனார் ஒருவரை நம் வகுப்புக்கு அழைத்து, ஒரு வீட்டை எங்கிருந்து தொடங்குகிறார் என்று பேசச் சொல்ல வேண்டும். கலைக் கல்லூரி என்று பெயர் வைத்திருக்கிறோம். கட்டடமும் ஒரு கலைதானே?

இந்தப் பருவத்தில் நானும் ஒரு சிறு விண்ணப்பப் படிவம் வடிவமைத்தேன். திண்ணை வைத்தேன்; படிகளைச் சமமாக வைத்தேன்; அழிக்கும் பொத்தானை ஒதுக்குப்புறத்தில் வைத்து, அழுத்தினால் ஒரு கேள்வி கேட்கச் செய்தேன். பெருமிதத்தோடு தாயாரிடம் கொடுத்தேன். மூலையில் நான் மிக அழகாக வரைந்திருந்த மூன்று கோடுகளை அவர் தொடவே இல்லை. “இதைத் தொட்டால் பட்டியல் வரும் அம்மா” என்றேன். “மூணு கோடு போட்டா பட்டியல்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?” என்றார். தந்தையார் பக்கத்தில் அமர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

கோடுகளை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ‘பட்டியல்’ என்று எழுதினேன். இப்போது தாயார் தொடுகிறார்.